38 பால் சென்டர், ஒரே ஷீட்: வரிசைக்கு ஒரு சின்ன கோடு போட்டும் எது இறங்குகிறது என்று தெரியவில்லை

பாலக்கோடு ரூட் கேட்டது:

வணக்கம். காரிமங்கலம் பக்கம் ஒரு தனியார் டெய்ரியின் சில்லிங் சென்டருக்கு (பாலைக் குளிரவைக்கும் இடம்) தினசரி ரிப்போர்ட் போடுகிறேன். பாலக்கோடு, மாரண்டஹள்ளி, பாப்பாரப்பட்டி, இண்டூர், பென்னாகரம் என ஐந்து ரூட்டில் மொத்தம் 38 கலெக்‌ஷன் சென்டர். ஒவ்வொன்றுக்கும் காலை, மாலை என இரண்டு ஷிப்ட். ஷிப்டுக்கு லிட்டர், ஃபேட் (கொழுப்பு), எஸ்.என்.எஃப் (கொழுப்பு நீங்கலான திடப்பொருள்) மூன்றும் பதிவாகிறது.

இதுவரை வெறும் எண்ணாகத்தான் அனுப்பினோம். 38 வரி, வரிக்கு பத்து எண் என்றால் முதலாளி பார்ப்பது கடைசி டோட்டலை மட்டும்தான். அதனால் ஒவ்வொரு சென்டர் பெயருக்கும் பக்கத்தில் 30 நாள் போக்கைக் காட்டும் ஸ்பார்க்லைன், அதாவது ஒரே செல்லுக்குள் அடங்கும் சின்ன வரைகோடு, போட்டேன். எக்ஸெல் 2016, இன்சர்ட் டேபில் இருக்கும் லைன் வகை. போட்ட பிறகு வந்த சிக்கல்கள்:

நாளுக்கு 60 லிட்டர் வரும் சென்டரும் 900 லிட்டர் வரும் சென்டரும் ஒரே மாதிரி ஏறி இறங்குகின்றன. ஃபேட் கோடு எல்லாமே மலையும் பள்ளமுமாக இருக்கிறது. எண்ணைப் பார்த்தால் 4.0-க்கும் 4.1-க்கும் நடுவில்தான் ஆடுகிறது. பதிவு விட்டுப்போன நாளில் கோடு நேராக பூஜ்யத்துக்கு விழுந்து எழுகிறது. அதோடு, தினமும் காலையில் ஷீட்டைத் திறந்தால் 38 கோடும் வலது ஓரத்தில் கீழே தொங்குகிறது. தினம் ஒரு நாள் சேர்வதால் ரேஞ்சையும் கையால் மாற்ற வேண்டியிருக்கிறது.

முதலாளி பார்ப்பது போனில், வாட்ஸ்அப்பில் வரும் படமாக. அதில் கோடு நூல் மாதிரி மங்கித் தெரிகிறது. கோடே வேண்டாம் என்று எடுத்துவிடலாமா, இல்லை இதைச் சரியாகப் போட வழி இருக்கிறதா?


அச்சுக்கோடு, கிருஷ்ணகிரி:

எடுக்க வேண்டாம் சார். நீங்கள் சொன்ன முதல் இரண்டு சிக்கலும் ஒன்றுதான்: அச்சின் அளவை நீங்கள் முடிவு செய்யவில்லை, எக்ஸெல் முடிவு செய்திருக்கிறது. ஸ்பார்க்லைனில் அச்சும் எண்ணும் கண்ணுக்குத் தெரியாது என்பதால், அது எந்த அளவில் வரைகிறது என்பதைப் பார்ப்பவர் கண்டுபிடிக்கவே முடியாது.

எக்ஸெல் தானாகச் செய்வது இதுதான். ஒவ்வொரு வரிசையிலும் இருக்கும் மிகச் சிறிய எண் செல்லின் அடிமட்டம், மிகப் பெரிய எண் மேல்மட்டம். 4.0-ல் இருந்து 4.1 வரை ஆடினாலும் செல்லின் முழு உயரத்துக்கும் ஆடும். 300-ல் இருந்து 900 வரை ஆடினாலும் அதே உயரம்தான்.

ஸ்பார்க்லைன் செல்லில் நின்றுகொண்டு, மேலே வரும் ஸ்பார்க்லைன் டிசைன் டேபில் ஆக்ஸிஸ் பட்டனைத் திறங்கள். குறைந்தபட்சத்துக்கும் அதிகபட்சத்துக்கும் தனித்தனியாக மூன்று தேர்வு இருக்கும்: ஒவ்வொன்றுக்கும் ஆட்டோமேட்டிக், சேம் ஃபார் ஆல் ஸ்பார்க்லைன்ஸ், கஸ்டம் வேல்யூ.

ஃபேட்டுக்கு கஸ்டம் வேல்யூதான் சரி. குறைந்தபட்சம் 3.0, அதிகபட்சம் 5.0 வையுங்கள். கலப்பினப் பசும்பாலுக்கு இதற்குள் கிட்டத்தட்ட எல்லாமே அடங்கும். 0.1 ஆட்டம் தட்டையாகத் தெரியும், 0.5 இறங்கினால் கண்ணில் படும். ஒரு எச்சரிக்கை: இந்த எல்லைக்கு வெளியே போகும் புள்ளி செல் ஓரத்தில் வெட்டுப்பட்டு மறைந்துவிடும். எருமைப்பால் வாங்கும் சென்டர் இருந்தால் அதைத் தனிக் குழுவாகப் பிரித்து வேறு எல்லை கொடுங்கள்.

எஸ்.என்.எஃப்-க்கு இன்னொரு வழி சொல்கிறேன், இது ரொம்பப் பயன்படும். பசும்பாலுக்கு எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ (மத்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம்) வைத்திருக்கும் குறைந்தபட்சம் 8.3. எக்ஸெல் ஸ்பார்க்லைனில் எல்லைக்கோடு வரைய வசதி கிடையாது. ஆனால் எஸ்.என்.எஃப்-ல் இருந்து 8.3-ஐக் கழித்து, வரும் வித்தியாசத்தை வரைந்தால் எல்லைக்கோடு பூஜ்யமாகிவிடும். ஆக்ஸிஸ் பட்டனில் ஷோ ஆக்ஸிஸ் போட்டால் பூஜ்யத்தில் ஒரு கிடைக்கோடு வரும். நெகட்டிவ் பாயின்ட்ஸ் டிக் செய்து சிவப்பு கொடுத்தால் 8.3-க்குக் கீழே போன நாள் மட்டும் சிவப்புப் புள்ளி. எல்லா நாளும் 8.3-க்கு மேலேயே இருக்கும் சென்டரில் கிடைக்கோடு வராது, ஏனென்றால் டேட்டா பூஜ்யத்தைத் தாண்டினால்தான் எக்ஸெல் அதை வரையும். அது பிரச்சினை இல்லை; கோடு தெரிகிற வரிசையைத்தான் நீங்கள் தேடுகிறீர்கள்.

லிட்டர் கதை வேறு. இதற்கு சேம் ஃபார் ஆல் போட்டால் 900 லிட்டர் சென்டர் மேலே ஆடும், 60 லிட்டர் சென்டர் தரையில் ஒட்டிய கோடாகிவிடும். சின்ன சென்டர் பாதிப் பாலை இழந்தாலும் தெரியாது. அதனால் லிட்டரை அப்படியே வரையாமல், அந்த சென்டரின் வழக்கமான அளவில் எத்தனை சதவீதம் என்று மாற்றி வரையுங்கள். வழக்கமான அளவுக்கு 30 நாள் மீடியன் (எண்களை வரிசையாக அடுக்கினால் நடுவில் நிற்பது) போதும். ஆவரேஜ் வேண்டாம், கேன் கொட்டிப்போன ஒரு நாளோ, இரண்டு முறை பதிவான ஒரு நாளோ ஆவரேஜை இழுத்துவிடும். இப்போது எல்லா சென்டருக்கும் 100 என்பது வழக்கமான நாள். குறைந்தபட்சம் 60, அதிகபட்சம் 140 என எல்லோருக்கும் ஒரே எல்லை வைத்தால் 38 கோடும் ஒன்றோடொன்று ஒப்பிடத் தகுந்ததாகும். சென்டர் பெரிதா சின்னதா என்பதைப் பக்கத்தில் நிற்கும் லிட்டர் எண் சொல்லட்டும், அந்த வேலையைக் கோட்டுக்குக் கொடுக்க வேண்டாம்.

இந்த செட்டிங் எல்லாம் குழுவுக்குக் குழு வேலை செய்யும். ஒவ்வொரு செல்லாகத் தனித்தனியாக இன்சர்ட் செய்திருந்தால் ஒவ்வொன்றும் தனிக் குழு, ஒன்றில் மாற்றியது மற்றதில் வராது. 38 செல்லையும் தேர்ந்தெடுத்து குரூப் பட்டனை அழுத்துங்கள். அழிக்கும்போதும் டெலீட் கீ வேலை செய்யாது, அதே டேபில் இருக்கும் க்ளியர்தான்.

நீங்கள் லைன் வகை எடுத்தது நல்லது. காலம் வகைக்கு (கோட்டுக்குப் பதில் தூண்கள்) மாறினால் ஒரு விஷயத்தை மறக்காதீர்கள்: குறைந்தபட்சத்தை கஸ்டம் வேல்யூ 0 ஆக்க வேண்டும். ஆட்டோமேட்டிக்கில் விட்டால் 380 லிட்டர் நாள் ஒன்றுமே இல்லாத மாதிரியும் 420 லிட்டர் நாள் பெரிய தூண் மாதிரியும் தெரியும். தூணின் உயரமே அளவு என்று கண் எடுத்துக்கொள்ளும், அதனால் அடி பூஜ்யத்தில் இருந்தே ஆக வேண்டும். கோட்டுக்கு அந்தக் கட்டாயம் இல்லை.


காவேரிப்பட்டணம் கணக்கர்:

மேலே சொன்னது சரி. நான் விட்டுப்போன நாளைப் பற்றியும் வலது ஓரம் தொங்குவதைப் பற்றியும் சொல்கிறேன்.

ஓரம் தொங்குவதற்குக் காரணம் இன்றைய நாள். காலையில் ஷீட்டைத் திறக்கும்போது காலை ஷிப்ட் மட்டும்தான் ஏறியிருக்கும், மாலைப் பால் இன்னும் கறக்கவே இல்லை. பாதி நாளை முழு நாளோடு சேர்த்து வரைந்தால் 38 கோடும் விழத்தான் செய்யும். கோடு எப்போதும் நேற்றோடு முடிய வேண்டும். இன்றைய காலை லிட்டர் வேண்டுமென்றால் தனிக் காலத்தில் (ஷீட்டின் நெடுவரிசையில்) எண்ணாகக் காட்டி, நேற்றைய காலையோடு ஒப்பிடுங்கள்.

ரேஞ்சைத் தினமும் மாற்றும் வேலையும் இதிலேயே தீரும். பதிவு ஷீட் கீழே வளர்ந்துகொண்டே போகட்டும், அதன் மேல் நேரடியாக ஸ்பார்க்லைன் போடாதீர்கள். ஜன்னல் என்று தனியாக ஒரு ஷீட் வையுங்கள். ஏ காலத்தில் சென்டர் எண், பி காலத்தில் அந்த சென்டருக்கு நாளுக்கு எத்தனை ஷிப்ட் (சில இடத்தில் காலை மட்டும்தான் எடுப்பார்கள், அதற்கு 1), சி-யில் இருந்து 30 காலம் தேதிகள். கடைசிக் காலத்தின் தலைப்பு இன்றைய தேதி கழித்தல் 1, அதற்கு இடதுபுறம் ஒவ்வொன்றாக 1 குறையும். தேதிகள் டுடே ஃபங்ஷனில் இருந்து வருவதால் ஜன்னல் தானே நகரும், ஸ்பார்க்லைன் ரேஞ்ச் அப்படியே நிற்கும்.

ஒவ்வொரு செல்லிலும் இந்த அமைப்பு. ஃபங்ஷன் பெயரையும் செல் முகவரியையும் ஆங்கிலத்தில் அடித்துக்கொள்ளுங்கள். தேதி, சென்டர், லிட்டர் என்று இருப்பவை பதிவு ஷீட்டின் அந்தந்தக் காலங்கள்:

=இஃப்(கவுன்ட்இஃப்ஸ்(தேதி, சி$1, சென்டர், $ஏ2) < $பி2, என்ஏ(), சம்இஃப்ஸ்(லிட்டர், தேதி, சி$1, சென்டர், $ஏ2))

வெறும் சம்இஃப்ஸ் போட்டால் பதிவே இல்லாத நாளுக்கு 0 தரும். உங்கள் கோடு பூஜ்யத்துக்கு விழுந்ததன் காரணம் பெரும்பாலும் இதுதான். காலி மேற்கோள் குறி கொடுத்துத் தப்பிக்கவும் முடியாது, எக்ஸெல் அதை எழுத்தாக எடுத்து பூஜ்யத்தில்தான் வரையும். என்ஏ (மதிப்பு இல்லை என்ற குறி) கொடுத்தால் கோடு தரைக்கு விழாது. ஜன்னல் ஷீட்டில் என்ஏ பிழைக் குறியாகத் தெரியும். அதைப் பார்க்க அசிங்கமாக இருக்கிறது என்று இஃப்எரர் போட்டு மறைத்தால் மறுபடி பழைய சிக்கல் வரும். எழுத்து நிறத்தை மட்டும் மங்கலாக்குங்கள். ஆபீஸ் 365-க்கு மாறினால் எடிட் டேட்டாவுக்குள் ஹிடன் அண்ட் எம்ப்டி செல்ஸ் பெட்டியில் என்ஏ-வைக் காலி செல்லாகக் காட்டும் டிக் ஒன்று இருக்கும். அதைப் போட்டு, காலி செல்லுக்கு கேப்ஸ் தேர்ந்தெடுத்தால் அந்த நாளில் கோடு விட்டுப்போய் நிற்கும். எனக்கு அதுதான் பிடிக்கும். பதிவு இல்லாத நாள் இல்லாத நாளாகவே தெரிய வேண்டும், இரண்டு பக்கத்தையும் இணைத்துப் பாலம் கட்டக் கூடாது.

கவனியுங்கள்: வண்டி வராமல் பால் நிஜமாகவே எடுக்காத நாள் என்றால் அது பூஜ்யம்தான், அது கோட்டில் விழ வேண்டும். அதற்கு சென்டரில் 0 என்று இரண்டு ஷிப்டும் பதிவு செய்ய வேண்டும். மேலே உள்ள ஃபார்முலா வரிகளை எண்ணுவதால், 0 என்று பதிவான நாளையும் பதிவே வராத நாளையும் சரியாகப் பிரித்துவிடும்.

கோட்டின் பக்கத்தில் பதிவு 28/30 என்று ஒரு சின்னக் காலம் வையுங்கள். 19/30 என்று வரும் சென்டரின் கோட்டை நம்பி யாரையும் கூப்பிட்டுக் கேள்வி கேட்காமல் இருக்க அது உதவும்.

ஜன்னல் ஷீட்டின் காலங்களை ஹைட் செய்தால் எல்லா ஸ்பார்க்லைனும் மறைந்துபோகும். அதே ஹிடன் அண்ட் எம்ப்டி செல்ஸ் பெட்டியில் மறைந்த வரி, காலங்களின் டேட்டாவைக் காட்டு என்பதை டிக் செய்ய வேண்டும். ஷீட்டை மொத்தமாக ஹைட் செய்தால் இந்தத் தொல்லை இல்லை.

ஃபேட்டை நாளுக்கு ஒன்றாக்கும்போது இரண்டு ஷிப்டையும் கூட்டி இரண்டால் வகுக்காதீர்கள். காலை 120 லிட்டர் 3.8, மாலை 60 லிட்டர் 4.4 என்றால் நேர் சராசரி 4.1. லிட்டரால் எடை போட்டால் 456 கூட்டல் 264, ஆக 720. அதை 180-ஆல் வகுத்தால் 4.0. மாலைப் பால் குறைவாகவும் ஃபேட் அதிகமாகவும் வருவதால் நேர் சராசரி எப்போதும் கொஞ்சம் கூட்டியே காட்டும். சில்லிங் சென்டரில் டேங்கர் சாம்பிளோடு ஒத்துப்போகாது.

தேதியையும் ஒருமுறை சோதியுங்கள். டெஸ்டிங் மிஷின் சாஃப்ட்வேரில் இருந்து வரும் ஃபைலை அப்படியே திறந்தால், கம்ப்யூட்டரின் ரீஜன் அமெரிக்காவில் இருக்கும்போது ஏப்ரல் 3 என்பது மார்ச் 4 ஆகிவிடும். 13-ஆம் தேதியில் இருந்து தேதியாகவே மாறாமல் எழுத்தாக நிற்கும். மாதத்தின் முதல் 12 நாள் வேறு மாதங்களில் சிதறிப்போன மாதிரி தெரிந்தால் காரணம் இதுதான். டெக்ஸ்ட் டு காலம்ஸ் போய் கடைசிப் படியில் நாள்-மாதம்-வருடம் வரிசை தேர்ந்தெடுங்கள்.


பாலக்கோடு ரூட்:

இரண்டு பேருக்கும் நன்றி. ஜன்னல் ஷீட் போட்டதும் ஓரம் தொங்குவது நின்றது, பூஜ்யமும் போனது. ஃபேட் இப்போது அமைதியாக இருக்கிறது.

ஒரு சந்தேகம். லிட்டர் கோட்டில் இப்போது பாப்பாரப்பட்டி ரூட்டில் ஒன்பது சென்டரும், பென்னாகரம் ரூட்டில் ஏழும் ஒன்றாக இறங்குவதாகத் தெரிகிறது. வெயில் காலம், பச்சைத் தீவனம் இல்லை, எல்லா இடத்திலும் பால் குறைவுதான். அப்படியானால் எந்த சென்டரில் நிஜமாகப் பிரச்சினை என்று கோட்டில் எப்படிப் பிரிப்பது?


ஒசூர் ரிப்போர்ட்:

இந்தக் கேள்விதான் இந்த டாஷ்போர்டின் உயிர். கூடவே, 30 நாள் மீடியன் என்று மேலே சொன்னதில் ஒரு ஓட்டை இருக்கிறது, அதையும் சேர்த்து அடைத்துவிடலாம்.

ஒரு சென்டரில் நாளுக்கு அரை சதவீதம் பால் குறைந்துகொண்டே போகிறது என்று வையுங்கள். மீடியனும் கூடவே இறங்கும். கோடு 108 பக்கத்தில் தொடங்கி 93 பக்கத்தில் முடியும். அடுத்த வாரம் பார்த்தாலும் 108-ல் தொடங்கி 93. அடுத்த மாதமும் அதே படம். அறுபது நாளில் கால்வாசிப் பால் போயிருக்கும், ஆனால் ஒரு நாள்கூட கோடு அபாயமாகத் தெரியாது. எதிரே புதிதாக ஒரு டெய்ரி சென்டர் திறந்து, உங்கள் ஊற்றுபவர்களை ஒவ்வொருவராக இழுத்தால் இழப்பு இப்படித்தான் மெதுவாக இருக்கும், ஒரே நாளில் விழாது.

அதனால் அடிப்படை எண்ணை நகரவிடாதீர்கள். முந்தைய மூன்று மாதத்தின் மீடியனை ஒருமுறை கணக்கிட்டு, பேஸ்ட் வேல்யூஸ் போட்டு எண்ணாக ஒட்டி, எந்தத் தேதியில் எடுத்தது என்று தலைப்பில் எழுதுங்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை மாற்றினால் போதும். மாற்றும் நாளில் பழைய எண்ணையும் ஒரு காலத்தில் வைத்திருங்கள், இல்லையென்றால் முந்தைய சரிவு ஒரே இரவில் காணாமல் போகும்.

இப்போது வெயில் விஷயம். ஒவ்வொரு சென்டரின் சதவீதத்தையும் அன்றைய 38 சென்டரின் சதவீத மீடியனால் வகுத்து 100-ஆல் பெருக்குங்கள். மொத்தமும் 88-க்கு இறங்கியிருக்கும் நாளில் ஒரு சென்டர் 86-ல் இருந்தால், 86 வகுத்தல் 88, கிட்டத்தட்ட 98. அங்கே தனியாக ஒன்றும் இல்லை, ஊரோடு சேர்ந்து இறங்கியிருக்கிறது. 74-ல் இருக்கும் சென்டர் 84 ஆகிறது. அங்கேதான் ஆள் போக வேண்டும்: பேமென்ட் தள்ளிப்போனதா, டெஸ்டிங்கில் தகராறா, வண்டி நேரம் மாறியதா, போட்டி வந்ததா.

மழைக்கும் தீவனத்துக்கும் ஐந்து ரூட்டும் ஒரே மாதிரி நடக்காது. பென்னாகரம் பக்கம் மானாவாரி அதிகம், பாசனம் உள்ள கிராமங்களில் இறக்கம் தாமதமாக வரும். அதனால் மொத்த 38-க்குப் பதில் அந்தந்த ரூட்டின் மீடியனால் வகுப்பது இன்னும் நல்லது. ஒரு ரூட்டில் நான்கைந்து சென்டர்தான் என்றால் மட்டும் மொத்த மீடியனுக்குப் போங்கள், எண்ணிக்கை குறைந்தால் மீடியன் ஆட்டம் காணும்.

இரண்டு கோட்டையும் ஒவ்வொரு வரிசையிலும் போட்டு நெருக்காதீர்கள். சென்டர் வரிசையில் வகுத்த கோடு மட்டும். ரூட் தலைப்பு வரிசையில் வகுக்காத, மொத்த லிட்டர் கோடு. வெயில் மேலே தெரியும், சென்டரின் தனிக் கதை கீழே தெரியும்.

பட்டியலை சென்டர் எண் வரிசையில் வைக்காமல், கடைசி 7 நாள் மீடியன் எந்த அளவு கீழே போயிருக்கிறதோ அந்த வரிசையில் அடுக்குங்கள். 38 கோட்டை யாரும் முழுதாகப் படிக்கமாட்டார்கள், மேலே இருக்கும் ஆறேழைப் பார்ப்பார்கள். பார்க்க வேண்டியது அங்கே இருக்க வேண்டும். ஸ்பார்க்லைன் வரிசைகளையே இடம் மாற்றி அடுக்கும்போது குழப்பம் வரும் என்பதால், சென்டர் எண்ணை ஃபார்முலாவால் வரிசைப்படுத்தி, மீதி எல்லாம் அந்த எண்ணை வைத்து ஜன்னல் ஷீட்டில் தேடி வரட்டும். செல் நகராது, உள்ளே இருப்பது மாறும்.

நிறம் பற்றி ஒரு வார்த்தை. கோடு எல்லாமே சாம்பல் நிறம், கடைசிப் புள்ளி மட்டும் அடர் நீலம். ஹை பாயின்ட், லோ பாயின்ட் இரண்டையும் எடுத்துவிடுங்கள். 30 நாளில் எப்படியும் ஒரு நாள் அதிகம், ஒரு நாள் குறைவு இருக்கத்தான் செய்யும், அதற்குப் புள்ளி வைத்தால் கண் தேவையில்லாமல் அங்கே போகும். கோட்டின் தடிமன் முதலில் 0.75 பாயின்டாக இருக்கும், அதை 1.5 ஆக்குங்கள். வரிசை உயரம் 24-க்குக் குறையாமல், காலம் அகலம் 18 பக்கம். அகலத்தைக் கூட்டிக் குறைத்தால் அதே டேட்டா சரிவாகவோ செங்குத்தாகவோ தெரியும் என்பதால், ஒருமுறை வைத்த அளவை மாதத்துக்கு மாதம் மாற்றாதீர்கள்.


மண்டி நோட்டு, ராயக்கோட்டை:

இடையில் ஒரு கேள்வி. தக்காளி விலைக்கு இதே மாதிரி கோடு போடுகிறேன், ஒரு வருடத்துக்கு வாரம் ஒரு புள்ளி. விலை ஏறிய ஒரு மாதம் மட்டும் மலையாக நிற்கிறது, மீதி பதினொரு மாதமும் தரையில் ஒட்டிக்கிடக்கிறது. எல்லை எவ்வளவு வைத்தாலும் சரியாக வரவில்லை.


ஒசூர் ரிப்போர்ட்:

தக்காளிக்கு எல்லை மாற்றிப் பயனில்லை, லாக் (மடக்கை) எடுக்க வேண்டும். கிலோ 5 ரூபாயில் இருந்து 10 ஆவதும், 40-ல் இருந்து 80 ஆவதும் இரண்டு மடங்குதான். விவசாயிக்கும் வியாபாரிக்கும் இரண்டும் ஒரே அளவு பெரிய செய்தி. சாதாரண அச்சில் முதலாவது கண்ணுக்கே தெரியாது. எக்ஸெல் ஸ்பார்க்லைனில் லாக் அச்சு கிடையாது, அதனால் பக்கத்துக் காலத்தில் விலையின் லாக்10 எடுத்து அதை வரையுங்கள். 4 ரூபாய் 0.60, 100 ரூபாய் 2.00, எல்லையை 0.5-க்கும் 2.1-க்கும் வைத்தால் வருடம் முழுக்க அடங்கும். பூஜ்யத்துக்கு லாக் கிடையாது, ஏலம் நடக்காத வாரத்துக்கு என்ஏ கொடுங்கள். கோட்டின் இரு பக்கமும் வருடத்தின் குறைந்த விலையையும் அதிக விலையையும் ரூபாயில் எழுதிவிடுங்கள், அப்போதுதான் பார்ப்பவர் லாக் என்பதை யோசிக்காமலே படிக்கலாம்.


அச்சுக்கோடு, கிருஷ்ணகிரி:

ஒசூர் சார் சொன்ன அடிப்படை எண் சரி, லிட்டருக்கு அதையே வைத்துக்கொள்ளுங்கள்.

போன் விஷயம் மிச்சம் இருக்கிறது. வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் சுருக்கி அனுப்பும், மெல்லிய கோடு முதலில் அடிபடும். படம்தான் வேண்டுமென்றால் வரிசை உயரம் 30, தடிமன் 2.25, ஒரு பக்கத்துக்கு 12 சென்டர் என்று பிடிஎஃப் ஆக்கி டாக்குமென்டாக அனுப்புங்கள்.

படமே இல்லாமல் எழுத்தாகவும் கோடு அனுப்பலாம். யூனிகோடில் எட்டு உயரத்தில் தொகுதி எழுத்துகள் இருக்கின்றன: ▁▂▃▄▅▆▇█. எண் 9601-ல் இருந்து 9608 வரை. எக்ஸெல் 2013-ல் இருந்து யூனிகார் ஃபங்ஷன் இதைத் தரும்.

மதிப்பில் இருந்து 60 கழித்து, 80-ஆல் வகுத்து, 7-ஆல் பெருக்கி, ரவுண்ட் செய்து, 9601-ஐக் கூட்டினால் எழுத்தின் எண் கிடைக்கும். ஏழு நாள் 98, 101, 104, 99, 90, 84, 82 என்றால்:

சென்டர் 14 ▄▅▅▄▄▃▃ 412 லி

இது வாட்ஸ்அப்பில் எவ்வளவு பெரிதாக்கினாலும் மங்காது, பழைய போனிலும் சட்டென்று திறக்கும். ஒரு வரியில் 10 முதல் 14 எழுத்துக்கு மேல் போகாதீர்கள், இரண்டாம் வரிக்கு மடங்கினால் கோடு உடையும்.

இதில் கட்டாயம் செய்ய வேண்டியது, ரவுண்ட் செய்த எண்ணை மேக்ஸ், மின் போட்டு 0-க்கும் 7-க்கும் நடுவில் அடைப்பது. அடைக்காமல் விட்டு 145 சதவீதம் வந்தால்கூட ரவுண்டில் 7 ஆகித் தப்பிக்கும். 150 வந்தால் 8 ஆகி 9609-ஆம் எழுத்து வரும். அது ▉, வலது ஓரம் கொஞ்சம் குறைந்த முழு உயரக் கட்டம். பிழை மாதிரியே தெரியாது. இன்னும் கூடினால் ▊, ▋ என்று அகலம் மட்டும் குறைந்துகொண்டே போகும். அதிகம் வந்த நாள் ஒல்லியாகத் தெரியும். பதிவு இல்லாத நாளுக்கு நடுப்புள்ளி · போடுங்கள். ▁ போட்டால் குறைந்த பால் என்று படிப்பார்கள்.

எட்டு படிதான் என்பதால் ஒரு படி என்பது சுமார் 11 சதவீதம். ஃபேட்டுக்கு இந்த முறை ஒத்துவராது. லிட்டருக்குப் போதும்.

ஏழு எழுத்தையும் ஒட்ட 2016-ல் அண்ட் குறி போட்டு ஒவ்வொரு செல்லாக இணைக்க வேண்டும். 2019-க்கு மேல் கான்கேட் ஃபங்ஷனுக்கு ரேஞ்ச் கொடுத்தாலே போதும்.


பாலக்கோடு ரூட்:

எழுத்துக் கோடு முதலாளிக்கு நன்றாக ஒத்துவரும். ரூட் சூப்பர்வைசர்கள் பார்க்க கூகுள் ஷீட் ஒன்றும் இருக்கிறது, அங்கே இன்சர்ட் மெனுவில் ஸ்பார்க்லைனைக் காணோம். தலைமை ஆபீஸில் பவர் பிஐ (மைக்ரோசாஃப்டின் ரிப்போர்ட் சாஃப்ட்வேர்) வருவதாகவும் பேச்சு. அங்கே இதெல்லாம் அப்படியே போகுமா?


காவேரிப்பட்டணம் கணக்கர்:

கூகுள் ஷீட்டில் அது மெனு இல்லை, ஸ்பார்க்லைன் என்ற ஃபங்ஷன். முதலில் ரேஞ்ச், அடுத்து சுருள் அடைப்புக்குள் ஆப்ஷன்கள்: சார்ட்டைப் லைன், ஒய்மின் 60, ஒய்மேக்ஸ் 140, லைன்வித் 2, எம்ப்டி இக்னோர். ஆப்ஷன் பெயருக்கும் மதிப்புக்கும் நடுவில் கமா, ஒரு ஜோடிக்கும் அடுத்த ஜோடிக்கும் நடுவில் செமிகோலன். ஒய்மின், ஒய்மேக்ஸ் கொடுக்காவிட்டால் எக்ஸெல் மாதிரியே ஒவ்வொரு வரிசைக்கும் தனி அளவு எடுத்துக்கொள்ளும்.

இங்கே என்ஏ வேண்டாம், நிஜமான காலி செல்லே கொடுக்கலாம். இஃப் ஃபங்ஷனில் நடு இடத்தில் ஒன்றும் எழுதாமல் இரண்டு கமாவை அடுத்தடுத்து விட்டால் கூகுள் ஷீட் காலியாகவே எடுத்துக்கொள்ளும். கடைசிப் புள்ளிக்குத் தனி நிறம் லைன் வகையில் கிடையாது. லாஸ்ட்கலர் ஆப்ஷன் காலம், வின்லாஸ் இரண்டுக்கு மட்டும்தான். ஃபங்ஷன் என்பதால் நிறத்தையே இஃப் போட்டு மாற்றலாம்: கடைசி 7 நாள் மீடியன் 85-க்குக் கீழே போனால் கோடு ஆரஞ்சு, இல்லையென்றால் சாம்பல். எக்ஸெலில் இது முடியாது.

பவர் பிஐ-யில் டேபிள், மேட்ரிக்ஸ் இரண்டிலும் ஸ்பார்க்லைன் சேர்க்கலாம். ஒரு விஷுவலுக்கு ஐந்து ஸ்பார்க்லைன், ஒரு கோட்டுக்கு 52 புள்ளி என்பது வரம்பு. 30 நாள் பிரச்சினை இல்லை. 90 நாள் வேண்டுமென்றால் வாரமாகத் தொகுத்துக் கொடுங்கள். எக்ஸ் அச்சுக்கு டேட் ஹையரார்க்கி ஏற்காது, வெறும் தேதிக் காலத்தை இழுத்துப் போடுங்கள். சதவீதம், ரூட் மீடியன் இரண்டையும் அங்கே மெஷர் (பவர் பிஐ-யின் ஃபார்முலா) ஆக எழுத வேண்டும். ஆபீஸில் எழுதுபவரிடம் நிலையான அடிப்படை எண்ணை சென்டர் மாஸ்டர் டேபிளில் ஒரு காலமாக வைக்கச் சொல்லுங்கள், அதை மெஷருக்குள் புதைத்தால் மூன்று மாதம் கழித்து மாற்ற ஆள் தேட வேண்டியிருக்கும்.